எம்ஜிபி ஹெட்லைட் மங்குதா? பல்பைத் திட்டுறதுக்கு முன்னாடி மீட்டரை எடுங்க!

பொழுது சாய்கிற நேரம். மேல்கூரையை மடித்துவிட்டு, காற்று வாங்கிக்கொண்டே வருகிறீர்கள். டேஷ்போர்டில் ஹெட்லைட் ஸ்விட்ச்சைத் தட்டினால், முன்னால் விழுவது வெளிச்சமே இல்லை; பழுத்த எலுமிச்சை நிறத்தில் ஒரு மங்கல். எதிரே வருகிறவருக்கு நீங்கள் வருவது தெரியும். ஆனால், உங்களுக்குச் சாலையில் இருக்கும் பள்ளம் தெரியாது.

இதற்கு எல்லோரும் சொல்கிற முதல் வைத்தியம், ‘பல்பை மாத்துங்க.’ அது பலிக்காவிட்டால் இரண்டாவது வைத்தியம், ‘100 வாட் பல்பு போடுங்க.’ முதலாவது பெரும்பாலும் வீண் செலவு. இரண்டாவது ஆபத்து. அரை நூற்றாண்டைத் தாண்டிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் ஹெட்லைட் மங்கினால், பல்பில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. பேட்டரியிலிருந்து கிளம்பிய வோல்ட்டேஜ் பல்புக்கு வந்து சேரவில்லை. வழியில் எங்கோ தொலைகிறது என்பதுதான் பெரும்பாலும் நடப்பது. எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்க அதிக விலையில்லாத ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

பழி ஓரிடம்... பாவம் வேறிடம்!

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான கார் எம்ஜிபி. கூபே மாடலான ஜிடியையும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல் விற்ற இந்த கார், இன்றும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்கும், வேலை பார்ப்பதும் எளிது. அதனாலேயே கிளாசிக் கார் ஆசை உள்ளவர்கள் பலருக்கு இதுதான் முதல் கார்.

இதன் எலெக்ட்ரிக்கல் சமாசாரம் எல்லாம் லூகாஸ் நிறுவனத்தின் கைவண்ணம். பர்மிங்ஹாமில் தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்று, பிறகு சைக்கிள் விளக்கு செய்து வளர்ந்த ஜோசஃப் லூகாஸின் கம்பெனி அது. விளக்கில் பெயர் வாங்கிய அந்த நிறுவனத்துக்கே ‘இருட்டின் இளவரசர்’ என்று பட்டப்பெயர் வைத்து, பிரிட்டிஷ் கார் பிரியர்கள் இன்றுவரை கிண்டலடிக்கிறார்கள்.

நம்மூருக்கும் லூகாஸ் அந்நியம் இல்லை. டிவிஎஸ் குழுமத்தோடு சேர்ந்து 1961-ல் தொடங்கப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ், சென்னை பாடியின் அடையாளங்களில் ஒன்று. எம்ஜிபி-க்குப் போட்டியாக இருந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு காரின் அடித்தளத்திலிருந்து பிறந்தது. அதே ஹெரால்டைத்தான் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் சென்னையில் தயாரித்தார்கள்.

சரி, கிண்டல் நியாயமா? பெரும்பாலும் இல்லை. 50 வருடம் மழை, தூசி, அதிர்வு எல்லாவற்றையும் தாங்கிய ஜாயின்ட்டில் களிம்பு ஏறத்தான் செய்யும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் என்ன ஆகுமோ, அதுதான் காரின் பித்தளைக் கனெக்டருக்கும் ஆகிறது.

வழி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

பிரிட்டிஷ் கார்களில் ஒயரின் நிறமே ஒரு மேப். நான்கைந்து நிறங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

பிரவுன் – பேட்டரியிலிருந்து நேராக வரும் ஒயர். சாவியை எடுத்தாலும் இதில் கரன்ட் இருக்கும்.

நீலம் – ஹெட்லைட் ஸ்விட்ச்சிலிருந்து டிப் ஸ்விட்ச் வரை.

நீலத்தில் வெள்ளைக் கோடு – டிப் ஸ்விட்ச்சிலிருந்து ஹை பீம்.

நீலத்தில் சிவப்புக் கோடு – டிப் ஸ்விட்ச்சிலிருந்து லோ பீம்.

கறுப்பு – எர்த்.

ஆக, கரன்ட் போகும் வழி இதுதான்: பேட்டரி, பிரவுன் ஒயர், ஹெட்லைட் ஸ்விட்ச், நீல ஒயர், டிப் ஸ்விட்ச், முன்பக்க கனெக்டர்கள், பல்பு, கறுப்பு ஒயர், பாடி, திரும்ப பேட்டரி. இந்தப் பாதையில் கவனிக்க வேண்டிய விஷயம் இரண்டு. ஒன்று, இரண்டு ஹெட்லைட்டுகளுக்கான மொத்த கரன்ட்டும் ஒரே ஒரு சின்ன ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. இரண்டு, பெரும்பாலான எம்ஜிபி-களில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது! வழியில் ஒயர் தேய்ந்து பாடியில் பட்டால், தடுக்க ஆளில்லை. ஒயர் உருகும், புகை வரும். அதனால்தான் இந்த வேலையைத் ‘தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

2 வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள்

ஹாலோஜன் ஆகட்டும், பழைய சீல்டு பீம் ஆகட்டும், இழை பல்புகளுக்கு ஒரு குணம் உண்டு. வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு குறையும். வோல்ட்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால், வெளிச்சம் சுமார் 30 சதவிகிதம் போய்விடும். 12 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 10 வோல்ட் மட்டும் வந்தால், கிடைப்பது ஏறத்தாழ பாதி வெளிச்சம்தான். மஞ்சளாகத் தெரிவதும் இதனால்தான். இழை போதுமான அளவு சூடாகவில்லை என்று அர்த்தம்.

தொலைந்த அந்த 2 வோல்ட் மாயமாகப் போவதில்லை. எந்த ஜாயின்ட்டில் தொலைகிறதோ, அங்கே சூடாக மாறுகிறது. ஸ்விட்ச்சைத் தொட்டால் சுடுகிறது என்றால், உங்கள் வெளிச்சம் அங்கே அடுப்பெரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆரம்பிக்கும் முன்…

கையில் இருக்க வேண்டியவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், மெல்லிய உப்புத்தாள், காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, வாசலின், புதிய புல்லட் கனெக்டர் ஸ்லீவுகள், ஓர் ஆள் நீளத்துக்கு மேல் உபரி ஒயர்.

உபரி ஒயர் எதற்கு? எம்ஜிபி-யில் பேட்டரி இருப்பது சீட்டுக்குப் பின்னால், தரைப்பலகைக்கு அடியில். 1974 வரை வந்த கார்களில் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டை இணைத்திருப்பார்கள். அதன் பிறகு ஒரே 12 வோல்ட் பேட்டரி. ஹெட்லைட்டோ காரின் மூக்கு நுனியில். மீட்டரின் ஒயர் அவ்வளவு தூரம் எட்டாது.

அடுத்து, உங்கள் கார் பாசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தா என்று பாருங்கள். 1967 இறுதி வரை வந்த எம்ஜிபி-களில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அதற்குப் பிறகு நெகட்டிவ். பழைய காரைப் பலரும் நெகட்டிவ்வுக்கு மாற்றியிருப்பார்கள் என்பதால், வருடத்தை வைத்து முடிவு செய்யாமல் பேட்டரியைத் திறந்து பார்த்துவிடுங்கள். பாசிட்டிவ் எர்த் காரில் மீட்டர் மைனஸ் காட்டினால் பயப்பட வேண்டாம். எண் மட்டும்தான் முக்கியம்.

சோதனை செய்யும்போது மட்டும் பேட்டரி இணைப்பு இருக்கட்டும். ஒயரைக் கழற்றும்போதும், ஸ்விட்ச்சில் கை வைக்கும்போதும், பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பிரவுன் ஒயருக்கு ஃபியூஸ் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

அறிகுறி சொல்லும் சேதி

மீட்டரைத் தொடும் முன்பே, கார் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை: ஸ்விட்ச்சுகளை விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்துப் பல்பு, அதன் பிளக், அதற்குப் போகும் கனெக்டர், அதன் எர்த் – இந்த நான்கில் ஒன்று.

இரண்டு பக்கமும் ஹை பீம் இருக்கிறது, லோ பீம் இல்லை (அல்லது நேர்மாறாக): டிப் ஸ்விட்ச்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பார்க்கிங் லைட் எரிகிறது, ஹெட்லைட் மட்டும் சுத்தமாக இல்லை: பிரவுன் ஒயரில் கரன்ட் வருகிறது. ஹெட்லைட் ஸ்விட்ச்சின் உள் காண்டாக்ட், நீல ஒயர், டிப் ஸ்விட்ச் – இவற்றில் தேடுங்கள்.

ஹை பீம் ஃபிளாஷ் அடித்தால் பளிச்சென்று எரிகிறது, ஸ்விட்ச் போட்டால் மங்கல்: ஃபிளாஷ் வசதியுள்ள மாடல்களில் அந்த கரன்ட் ஹெட்லைட் ஸ்விட்ச்சைத் தொடாமலேயே போகிறது. அதனால் பல்பு, எர்த் இரண்டும் நலம். ஸ்விட்ச் பக்கம்தான் கோளாறு.

பத்து, பதினைந்து நிமிடம் ஓடியதும் அணைகிறது, சற்று நேரத்தில் திரும்ப வருகிறது: சூடேறியதும் விட்டுப்போகும் காண்டாக்ட். சந்தேகப் பட்டியலில் முதல் இடம் ஸ்விட்ச்சுக்கு.

மேடு பள்ளத்தில் மினுக்குகிறது: லூஸ் கனெக்டர்.

லோ பீம் போட்டால் ஒரு பக்கம் மட்டும் மினுக் மினுக்கென்று மங்கல், கூடவே டேஷ்போர்டில் ஹை பீம் காட்டும் குட்டி விளக்கும் லேசாக எரிகிறது: பேய் பிசாசு எதுவும் இல்லை, அந்தப் பக்கத்து எர்த் விட்டுப்போயிருக்கிறது. திரும்பிப்போக வழியில்லாத கரன்ட், அதே பல்பின் ஹை பீம் இழைக்குள் புகுந்து, அங்கிருந்து அடுத்த பக்கத்துப் பல்பு வழியாக எர்த்தைத் தேடிப் போகிறது. போகிற வழியில் குட்டி விளக்கையும் ஏற்றிவிடுகிறது. இந்த ஓர் அறிகுறி தெரிந்திருந்தால், இரண்டு மூன்று பல்பு வாங்கும் செலவு மிச்சம்.

‘பீப்’ சத்தத்தை நம்பாதீர்கள்

பலர் செய்யும் தவறு இது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மீட்டரை கன்டினியூட்டியில் வைத்து, ஒயரின் இரு முனைகளையும் தொடுவார்கள். ‘பீப்’ என்று கத்தும். ‘ஒயர் நல்லாத்தான் இருக்கு’ என்று முடிவு கட்டுவார்கள். ஆனால், ஒயரின் பல இழைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் கத்தும். ஏனென்றால், மீட்டர் அனுப்புவது துளி கரன்ட். ஹெட்லைட் இழுப்பதோ 9, 10 ஆம்பியர்.

பல்பைக் கழற்றிவிட்டு பிளக்கில் வோல்ட்டேஜ் பார்ப்பதும் அப்படித்தான். கரன்ட் ஓடாதபோது எந்த மோசமான ஜாயின்ட்டும் முழு 12 வோல்ட் காட்டும். குழாயை மூடிவைத்துவிட்டு பிரஷர் பார்ப்பது போலத்தான். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

தொலைந்த வோல்ட்டைத் தேடுவோம்

இன்ஜின் ஆஃப். ஹெட்லைட் ஆன். மீட்டர் 20 வோல்ட் டிசி-யில்.

முதலில் பேட்டரி முனைகளில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, எரிகிற பல்பின் பிளக்கில், பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து, கறுப்பு ஒயருக்கும் எரிகிற பீமின் ஒயருக்கும் இடையே அளந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் தேடும் தொலைந்த வோல்ட்டேஜ்.

பிறகு பாதையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். பேட்டரியின் லைவ் முனையில் ஒரு மீட்டர் முனை, ஹெட்லைட் ஸ்விட்ச்சின் பிரவுன் ஒயரில் இன்னொன்று. அடுத்து ஸ்விட்ச்சின் பிரவுனுக்கும் நீலத்துக்கும் இடையே. அடுத்து டிப் ஸ்விட்ச்சின் இரு பக்கமும். அடுத்து டிப் ஸ்விட்ச்சிலிருந்து பல்பு வரை. கடைசியாக, பல்பின் கறுப்பு ஒயருக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே. ஒவ்வோர் இடத்திலும் மீட்டர் காட்டுவது, அந்தத் துண்டு விழுங்கும் வோல்ட்டேஜ்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பேட்டரியில் 12.4 வோல்ட், பல்பில் 10.2 என்று வைத்துக்கொள்வோம். தொலைந்தது 2.2. பிரவுன் ஒயரில் 0.4, ஹெட்லைட் ஸ்விட்ச்சில் 0.9, டிப் ஸ்விட்ச்சில் 0.3, முன்பக்க கனெக்டர்களில் 0.3, எர்த்தில் 0.3. கூட்டினால் சரியாக 2.2. இந்தக் காரில் எந்த ஒயரும் அறுந்துபோகவில்லை, எல்லாம் ‘வேலை செய்கிறது’. ஆனாலும் பாதி வெளிச்சம் காலி. அந்த ஸ்விட்ச்சுக்குள் மட்டும் சுமார் 8 வாட் சூடு உட்கார்ந்திருக்கிறது.

லைவ் பக்கம் மொத்தம் அரை வோல்ட்டுக்குள், எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் போகும் இடத்தில் கை வையுங்கள்.

கை வைக்க வேண்டிய மூன்று இடங்கள்

1. எர்த்: செலவே இல்லாத வைத்தியம், அதனால் இதிலிருந்து ஆரம்பியுங்கள். காரைப் புதுசு போல பெயின்ட் அடித்துக் கொண்டுவந்த பிறகு ஹெட்லைட் மங்கினால், எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் போயிருக்கிறதா என்று பாருங்கள். போல்ட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் பெயின்ட்டையும் துருவையும் உலோகம் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். ஒயர் முனையையும் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரியின் எர்த் கேபிள் பாடியோடு சேரும் இடம், இரட்டை பேட்டரி கார் என்றால் இரண்டையும் இணைக்கும் கேபிளின் முனைகள் – இவற்றுக்கும் இதே மரியாதை.

2. புல்லட் கனெக்டர்கள்: காரின் முன்பகுதியில், ரேடியேட்டர் பக்கம் கொத்தாக இருக்கும். ஒயரின் முனையில் தோட்டா வடிவில் பித்தளை, அது நுழைய ரப்பர் உறையிட்ட சின்னக் குழாய். கிரில் வழியாக வரும் மழைத் தண்ணீர் எல்லாம் இங்கேதான் படும். ரப்பர் காய்ந்து, குழாய் துருப்பிடித்து, பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்காமல், தோட்டா முனையைக் குறடால் பிடித்து உருவுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். மொத்தத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு, ‘எது எங்கே?’ என்று முழிக்க வேண்டாம். முனையைத் தேய்த்துவிட்டு, பழைய ஸ்லீவைத் தூக்கிப்போட்டுப் புதியதைப் போடுங்கள். விலை சொற்பம். அப்படியே ஹெட்லைட் கிண்ணத்துக்குள் ஒயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் தகரம் ஒயரை அறுக்கும். ஃபியூஸ் இல்லாத காரில் அதன் விலை என்ன என்று முன்பே பார்த்தோம்.

3. ஸ்விட்ச்சுகள்: பழைய மாடல்களில் டிப் ஸ்விட்ச் தரையில், கிளட்ச் பக்கம், காலால் மிதிக்கும்படி இருக்கும். ஈரச் செருப்பும் மண்ணும் படும் இடம், துரு பிடிக்காமல் இருக்குமா? பிற்பாடு வந்தவற்றில் அது ஸ்டீயரிங் பக்கத்துக் குச்சிக்கு மாறியது. எதுவானாலும் முதலில் காண்டாக்ட் கிளீனர் அடித்து, முப்பது நாற்பது முறை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். காண்டாக்ட் கருகியிருந்தாலோ, பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபிறகு, ஐடிலில் மட்டும் மங்கி, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் பளிச்சென்று வந்தால்? அது ஹெட்லைட் கோளாறே இல்லை, சார்ஜிங் விஷயம். 1967 இறுதி வரை வந்த எம்ஜிபி-களில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சமாகத் தருவதே 22 ஆம்பியர். ஐடிலில் அதுவும் கிடைக்காது. ஆகவே, லேசான மங்கல் அந்தக் காரின் சுபாவம்.

நிரந்தரத் தீர்வு: ரிலே

சுத்தம் செய்தால் வெளிச்சம் திரும்பும். ஆனால், 10 ஆம்பியரையும் அந்தப் பழைய ஸ்விட்ச்தான் இன்னமும் சுமக்கிறது. அந்தச் சுமையை இறக்கிவைப்பதற்குத்தான் ரிலே. ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று, இரண்டு போதும்.

ரிலேயில் நான்கு முனைகள் இருக்கும். 30-ம் எண் முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடிமனான புதிய ஒயர். 87-லிருந்து பல்புக்கு. 86-க்கு, இதுவரை பல்புக்குப் போய்க்கொண்டிருந்த நீலம்-வெள்ளை அல்லது நீலம்-சிவப்பு ஒயர். 85-லிருந்து எர்த். இனி ஸ்விட்ச் அனுப்ப வேண்டியது ‘எரி’ என்ற உத்தரவை மட்டும்தான். ரிலேயைத் தூண்ட கால் ஆம்பியர்கூடத் தேவையில்லை. பல்புக்கான கரன்ட் குறுக்குவழியில் நேராகப் போய்விடும்.

புதிய லைவ் ஒயர் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். ஃபியூஸ் வைக்கும்போது ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். இரண்டு விளக்குக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ் வைக்காதீர்கள். அது போனால், வளைவில் திரும்பும்போது இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் குருடாகிவிடும். ஒவ்வொரு இழைக்கும் தனி ஃபியூஸ், 55/60 வாட் பல்புக்கு 10 ஆம்பியர் வீதம் வைத்தால், ஒன்று போனாலும் மற்றொன்று வீடு கொண்டுவந்து சேர்க்கும். பாசிட்டிவ் எர்த் கார் என்றால், உள்ளே டயோடு இல்லாத சாதாரண ரிலேயாகக் கேட்டு வாங்குங்கள். நெகட்டிவ் எர்த்துக்கென்று செய்த எல்இடி பல்பும் அதில் சரிவராது.

இதை மட்டும் செய்யாதீர்கள்

100 வாட் பல்பு: இரண்டு சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 10 ஆம்பியருக்கே திணறும் ஸ்விட்ச் என்ன செய்யும்? கரன்ட் கூடினால் ஜாயின்ட்டில் தொலையும் வோல்ட்டேஜும் கூடும். பணம் கொடுத்து சூட்டை வாங்கிய கதைதான்.

கிடைத்த நிறத்தில் ஒயர்: இன்று நீங்கள் போடும் ஒரு மஞ்சள் ஒயர், பத்து வருடம் கழித்து இந்தக் காரைப் பார்ப்பவருக்கு விடுகதை. நிறத்தை மாற்றினால், ஒயரிங் படத்தின் நகலில் குறித்து காரிலேயே வையுங்கள்.

முறுக்கி டேப் சுற்றுவது: சூட்டில் பசை இளகும், ஒயர் விலகும். சரியான டெர்மினல் போட்டு அழுத்துங்கள், அல்லது சால்டர் வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும், மறுபடி அதே இரண்டு இடங்களில் அளந்து பாருங்கள். பேட்டரிக்கும் பல்புக்கும் இடையே அரை வோல்ட் அளவில் வித்தியாசம் நின்றால், வேலை சுத்தம். அந்த எண்களைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி, கையுறைப் பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் வெளிச்சம் குறைந்த மாதிரி தோன்றினால், அந்தச் சீட்டோடு ஒப்பிட்டால் போதும். கண்ணுக்கு மெதுவாகக் குறையும் வெளிச்சம் சுலபத்தில் தெரியாது. மீட்டருக்குத் தெரியும்.

அப்புறம் என்ன… இன்றைக்கு இருட்டியதும் காரை வெளியே எடுங்கள். அதே சாலை, அதே பள்ளம். இந்த முறை அது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்!